மண்ணிற் கந்தகம்: அளவும் அர்த்தமும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



  

இரண்டு மாதங்களுக்கு முன்னர் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "உங்கட துறையைப் பற்றி அரை மணித்தியாலம் பேசணும், தலைப்பு என்ன போடட்டும்?" என்று கேட்டார். "மண்ணில் கந்தகத்தை அளப்பது" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, எங்களுக்கும் கொஞ்சம் விளங்குற மாதிரிப் பேசுங்க" என்றார். முயற்சி செய்கிறேன்.

இங்கே இருப்பவர்களில் விஞ்ஞானம் படித்த எல்லோரும் ஒரு சோதனையை மறந்திருக்க மாட்டீர்கள். சோதனைக் குழாயில் உள்ள கரைசலுக்கு ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சேர்ப்போம். பின்னர் பேரியம் குளோரைட்டுக் கரைசலில் சில துளிகள் விடுவோம். பால் கலந்தாற்போல வெண்ணிற வீழ்படிவு தோன்றினால், "சல்பேற்று உண்டு" என்று குறிப்பேட்டில் எழுதுவோம். அமிலம் எதற்கு என்று ரீச்சர் கேட்பார். காபனேற்றும் பேரியத்துடன் வெண்ணிற வீழ்படிவைத் தரும், ஆனால் அது அமிலத்திற் கரைந்துவிடும், சல்பேற்றின் வீழ்படிவு கரையாது என்று சொன்னவருக்குப் பாராட்டுக் கிடைக்கும். சொல்லாதவர் அடுத்த பாடவேளை வரை நிற்க வேண்டியதுதான். நான் நின்றிருக்கிறேன்.

என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி அந்த வெண்ணிற வீழ்படிவுடன்தான் கழிந்தது. பாடசாலையில் கேட்ட கேள்வி "உண்டா, இல்லையா?" என்பது. ஆய்வுகூடத்தில் கேட்கும் கேள்வி "எவ்வளவு?" என்பது. அதற்குப் பிறகு இன்னொரு கேள்வி இருக்கிறது: "எந்தக் கந்தகம்?" இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்க நான் தாமதித்ததால் ஒரு கமக்காரரின் பயிர் வீணானது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில், கந்தகத்தை ஏன் அளக்க வேண்டும்?

தாவரம் புரதம் ஆக்குவதற்குக் கந்தகம் வேண்டும். சிஸ்டைன், மெதியோனைன் என்னும் இரு அமினோ அமிலங்களில் அது இருக்கிறது. வெங்காயம் உரிக்கும்போது கண்ணீர் வரச் செய்வதும் கந்தகம் சேர்ந்த ஒரு பொருளே. கந்தகம் குறைந்தால் பயிர் மஞ்சளாகும். நைதரசன் குறைந்தாலும் மஞ்சளாகும். வேறுபாடு எங்கே தெரியுமென்றால், நைதரசன் குறைவில் முதிர்ந்த அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். கந்தகக் குறைவில் பொதுவாக இளம் இலைகள் முதலில் வெளிறும். நெல்லில் இந்த வேறுபாடு அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை, முழுப் பயிருமே வெளிறிவிடும். ஆகவே வட்டையிலே மஞ்சளைக் கண்டவர் இன்னும் ஓர் அந்தர் யூரியாவை வீசுவார். யூரியாவில் 46 வீதம் நைதரசன் இருக்கிறது, கந்தகம் துளியும் இல்லை.

நம் பாட்டன்மார் காலத்தில் பரவலாக இட்ட அமோனியம் சல்பேற்றில் 21 வீதம் நைதரசனும் 24 வீதம் கந்தகமும் இருந்தன. யாரும் கந்தகத்தை நினைத்து அதை இடவில்லை. நைதரசனுக்காக இட்டார்கள், கந்தகம் கூடவே வந்தது. யூரியாவும் ரி.எஸ்.பி.யும் எம்.ஓ.பி.யும் வந்த பிறகு அந்த வரவு நின்றுவிட்டது. அறுவடை மட்டும் ஒவ்வொரு போகமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கந்தகத்தை எடுத்துக்கொண்டு போகிறது.

இது புதிய பிரச்சினையும் அல்ல. இன்றைய மலாவியில் தேயிலைச் செடிகள் மஞ்சளாகிச் செத்தன. நோய்க்கிருமி என்று பலரும் எண்ணியிருக்க, அது கந்தகக் குறைவுதான் என்று ஸ்ரோறி, லீச் என்னும் இருவர் 1933 இல் எழுதினார்கள்.

சரி, மண்ணை எடுத்து ஆய்வுகூடத்துக்கு வருவோம். அங்கே என்ன நடக்கிறது?

மேல்மண்ணிலுள்ள கந்தகத்தில் பெரும்பங்கு, அநேகமாக 90 வீதத்துக்கு மேல், சேதனப் பொருட்களுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. நுண்ணுயிர்கள் அதை உடைத்துச் சல்பேற்று ஆக்கிய பின்னரே வேர் உறிஞ்சும். ஆகவே "மொத்தக் கந்தகம்" என்பது ஒன்று, "பயிருக்குக் கிடைக்கக்கூடிய கந்தகம்" என்பது வேறு. வீட்டுப் பெறுமதியையும் கைப்பணத்தையும் போல. காணியும் வீடும் இருந்தாலும் சந்தைக்குப் போகக் கையிலே காசு வேண்டும் அல்லவா?

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதை எல்லோரும் அறிவோம். அந்த மாதங்களில் கூட்டெருவின் தரத்தைப் பற்றிப் பேசியவர்களில் பலர் மொத்த அளவுகளையே பேசினார்கள். எருவிலே கந்தகம் இருப்பது உண்மை. ஆனால் அதில் எவ்வளவு இந்தப் போகத்துக்குக் கைக்கு வரும் என்பதை மொத்த அளவு சொல்லாது.

மொத்தக் கந்தகத்தை அளக்க, மண்ணை ஒட்சிசன் ஓட்டத்தில் 1,300 பாகை செல்சியசுக்கு மேல் எரித்து, வெளிவரும் கந்தகவீரொட்சைட்டை அகச்சிவப்புக் கதிரால் அளக்கலாம். கருவி விலை கூடியது, வேலை சில நிமிடங்களில் முடியும். ஆனால் கமக்காரருக்கு வேண்டியது அநேகமாக மற்றைய எண்தான்.

கிடைக்கக்கூடிய கந்தகத்தை அளக்க இரண்டு படிகள் உண்டு. முதலாவது பிரித்தெடுப்பு. உலர்ந்த மண்ணில் 10 கிராம் எடுத்து, 0.15 வீதக் கல்சியம் குளோரைட்டுக் கரைசலில் 50 மில்லிலீற்றர் விட்டு, அரை மணித்தியாலம் குலுக்கி வடிப்போம். 1959 இல் அவுஸ்திரேலியாவின் வில்லியம்ஸ், ஸ்டீன்பேர்க்ஸ் ஆகியோர் வெளியிட்ட இந்த முறை இன்றும் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. மணல் மண்ணுக்கு இது போதும். செம்மண் என்றால் போதாது. அங்குள்ள இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகள் சல்பேற்றைப் பிடித்து வைத்திருக்கும். அதை இறக்கிவிட அதைவிட இறுகப் பற்றும் ஒன்று வேண்டும். பொசுபேற்று அந்த வேலையைச் செய்யும். ஆகவே அங்கே கல்சியம் பொசுபேற்றுக் கரைசலாற் பிரித்தெடுப்பார்கள். மூன்றாவது முறையில், பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலை 40 பாகையில் மூன்று மணித்தியாலம் சூடாக்கி, இலகுவில் உடையும் சேதனக் கந்தகத்தில் ஒரு பகுதியையும் சேர்த்து எடுப்பார்கள்.

இரண்டாவது படி அளத்தல். இங்கேதான் நம் பழைய நண்பன் பேரியம் குளோரைட்டு வருகிறது. ஆனால் வீழ்படிவை அடியில் தங்கவிட மாட்டோம். அரபுக் கோந்துக் கரைசலைச் சேர்த்து, நுண்துணிக்கைகளை மிதக்கவிட்டு, அந்தக் கலங்கல் ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று 420 நனோமீற்றர் அலைநீளத்தில் ஒளிமானியால் அளப்போம். கலங்கல் கூடினால் சல்பேற்றும் கூட.

கேட்க எளிதாக இருக்கும். செய்பவருக்குத்தான் அதன் கோணங்கித்தனம் தெரியும். பேரியம் குளோரைட்டுப் பளிங்குகள் ஒரே பருமனாக இருக்க வேண்டும். ஒவ்வொரு குடுவையையும் ஒரே வேகத்தில், ஒரே நேரம் குலுக்க வேண்டும். ஒன்றை மூன்றாவது நிமிடத்திலும் மற்றதைப் பத்தாவது நிமிடத்திலும் வாசித்தால் இரண்டும் ஒப்பிடத் தகாதவை. மண்ணின் பழுப்பு நிறத்தைப் போக்கக் கரித்தூள் சேர்த்தால், அந்தக் கரியிலேயே சல்பேற்று இருக்கலாம். ஆகவே மண் சேர்க்காத வெற்று மாதிரி ஒன்று எப்போதும் கூட ஓட வேண்டும். ரொட்டி மாவின் பதத்தைக் கையால் அறிந்த பெண்களுக்கு இந்த ஒழுங்கு அந்நியமானது அல்ல.

வேறு வழிகளும் உண்டு. 1952 இல் ஜோன்சன், நிஷிற்றா என்போர் வெளியிட்ட முறையில், ஐதரயோடிக் அமிலத்தால் சல்பேற்றை ஐதரசன் சல்பைட்டாகத் தாழ்த்தி, அதை மெதிலீன் நீலமாக்கி அளப்பார்கள். மிகச் சிறிய அளவுகளையும் பிடித்துவிடும். ஆனால் வேலை கடினம், நாற்றமும் கூட. அயன் நிறப்பதிவுக் கருவி சல்பேற்றை மட்டும் தனியே பிரித்து அளக்கும். ஐ.சி.பி. என்னும் பிளாஸ்மாக் கருவியோ வடிகரைசலில் உள்ள கந்தகம் முழுவதையும், சல்பேற்றானாலும் சேதனக் கந்தகமானாலும், ஒரே எண்ணாகத் தந்துவிடும். ஆகவே ஒரே வடிகரைசலை இரண்டு கருவிகளுக்குக் கொடுத்தால் இரண்டு எண்கள் வரலாம். இரண்டும் பிழையல்ல. கேட்ட கேள்விகள் வேறு.

இதற்கு நல்ல சாட்சி நெல்லிலேயே இருக்கிறது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட கைநூல், மண்ணில் கந்தகம் எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் நெல்லுக்குப் போதாது என்பதற்கு மூன்று எல்லைகளைத் தருகிறது. ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தாற் பிரித்தெடுத்தால் கிலோகிராமுக்கு 5 மில்லிகிராம். சூடாக்கிய பொற்றாசியம் குளோரைட்டால் என்றால் 6. கல்சியம் பொசுபேற்றால் என்றால் 9. அறிக்கையில் "7" என்று மட்டும் இருந்தால் என்ன முடிவெடுப்பீர்கள்? முறையின் பெயர் இல்லாத எண், அலகு இல்லாத விலை போன்றது.

இப்போது அந்தக் கமக்காரரின் கதையைச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் ஆய்வுகூடத்தில், நியமக் கரைசல் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. தெரியாத மாதிரியை எதனோடு ஒப்பிடுகிறோமோ அதுதான் நியமக் கரைசல். ஒரு லீற்றரில் 1,000 மில்லிகிராம் கந்தகம் இருக்கவேண்டுமானால் 5.434 கிராம் பொற்றாசியம் சல்பேற்றைக் கரைக்க வேண்டும். 1,000 மில்லிகிராம் சல்பேற்று இருக்கவேண்டுமானால் 1.814 கிராம் போதும். ஏனெனில் சல்பேற்றின் நிறையில் மூன்றில் ஒரு பங்குதான் கந்தகம். நான் 1.814 கிராமைக் கரைத்தேன். போத்தலில் "கந்தகம் 1,000" என்று எழுதி ஒட்டினேன்.

அவ்வளவுதான் பிழை. ஆனால் அந்தப் போத்தலோடு ஒப்பிட்ட எல்லா மண்ணும் தன் உண்மையைப் போல மூன்று மடங்கு கந்தகம் உள்ளதாகக் காட்டியது. கரையோர மணலில் கச்சான் வைத்திருந்த ஒரு பெரியவரின் தோட்டத்தில் இருந்தது 7. நாம் கொடுத்த அறிக்கையில் 21. கல்சியம் குளோரைட்டு முறையில் ஏறத்தாழ 10 இக்குக் கீழே குறைவு என்று கொள்வது வழக்கம். "போதியளவு உண்டு, கந்தகப் பசளை தேவையில்லை" என்று எழுதி நானே ஒப்பமிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து அவர் வந்தார். கோபத்தோடு வரவில்லை. ஒரு பொலித்தீன் பையிலே வெளிறிய இளம் இலைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "மகள், நீங்க தந்த கடதாசி கந்தகம் இரிக்கி எண்டு சொல்லுது. பயிரு இல்ல எண்டு சொல்லுது. ரெண்டுல எது பொய்?" என்றார்.

அன்று மாலை எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். போத்தலை எடுத்து, குறிப்பேட்டைப் புரட்டி, 1.814 என்ற எண்ணைப் பார்த்தபோது கை குளிர்ந்துவிட்டது. மேலாளரிடம் சொன்னேன். அந்தத் தொகுதியில் அறிக்கை பெற்ற அனைவருக்கும் கடிதம் எழுதினோம். பெரியவரின் வீட்டுக்கு நானே போனேன். அவர் தேநீர் தந்தார். அந்தப் போகம் அவருக்குக் கைநழுவிவிட்டது. ஒரு ஹெக்டயரின் உழவு மண் சுமார் 20 இலட்சம் கிலோ என்று கொண்டால், கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்பது ஏக்கருக்கு ஏறத்தாழ 8 கிலோ கந்தகம். 50 கிலோ அமோனியம் சல்பேற்று மூடையொன்றில் 12 கிலோ கந்தகம் இருக்கிறது. அதாவது அந்த மனிதரின் ஏக்கர் ஒன்றுக்கும் நல்ல விளைச்சலுக்கும் இடையில் நின்றது ஒரு மூடை. அந்த மூடையை வாங்கவிடாமற் செய்தது என் கையெழுத்து.

ஆய்வுகூடத்துக்கு வெளியிலும் பிழை நேரும். பலர் மண் மாதிரியை வெறுமையான பசளைப் பையில் அள்ளிக்கொண்டு வருவார்கள். அது அமோனியம் சல்பேற்றுப் பையாக இருந்தால் நாங்கள் அளப்பது பையைத்தான். சல்பேற்று மணலில் நிற்பதில்லை, மழையோடு கீழே இறங்கும். ஆகவே மேல் ஆறு அங்குலத்தை மட்டும் தோண்டினால், கீழே வேருக்கு எட்டும் தூரத்தில் இருப்பது தெரியாமற் போகலாம். ஈர மண்ணை அடுப்பில் வைத்து உலர்த்தினால் எண் உயரும். நிழலிற் பரப்பி உலர்த்த வேண்டும்.

வயல் மண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு. இதை உலகுக்கு விளக்கியவர்களில் முதன்மையானவர் ஓர் இலங்கையர். பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்திற் பணியாற்றிய எப்.என். பொன்னம்பெரும, நீரில் மூழ்கிய மண்ணின் இரசாயனம் பற்றி 1972 இல் எழுதிய நீண்ட கட்டுரையை இத்துறையில் படிக்காதவர் இல்லை. வயலில் நீர் கட்டியதும் ஒட்சிசன் தீர்ந்துபோகும். நுண்ணுயிர்கள் சல்பேற்றைச் சல்பைட்டாக்கும். அது இரும்போடு சேர்ந்து கறுப்பாகும். சேற்றைக் கிளறும்போது வரும் அழுகிய முட்டை மணம் அதுதான். அந்தச் சேற்றை அள்ளி உலர்த்தினால் சல்பைட்டு மறுபடி ஒட்சியேறிச் சல்பேற்றாகிவிடும். கல்லோயாத் திட்டத்து நீர் பாயும் நம் வட்டைகளில், பயிர் நிற்கும்போது எடுத்த சேற்று மாதிரியை உலர்த்தி அளந்து "சல்பேற்று நிறைய உண்டு" என்றால், வேர் காணாத ஒன்றை நாம் கண்டதாகச் சொல்கிறோம். போகத்துக்கு முன், நிலம் உலர்ந்திருக்கும்போது மாதிரி எடுப்பதே நல்லது. எப்போது எடுத்தோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

இனி, பேசக் கடினமான ஒன்று. 2004 டிசம்பர் 26. இந்த மண்டபத்தில் அந்த நாளில் எவரையும் இழக்காத குடும்பங்கள் குறைவு. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கரை நெடுகவும் இழந்தோம். நம் வகுப்புத் தோழிகள் சிலரின் பெயர்கள் இந்த மலரின் நினைவுப் பக்கத்தில் இருக்கின்றன. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக.

உயிர் தப்பியவர்கள் பின்னர் கேட்ட கேள்விகளில் ஒன்று, "எங்கட மண் செத்துப் போச்சா?" என்பது. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று இருக்கிறது. கடல் ஏறிய மண்ணில் கந்தகத்தை அளந்தால் எண் மிக உயர்வாக வரும். அந்த எண்ணை மட்டும் பார்த்தவர் "வளமான மண்" என்று சொல்லக்கூடும். கூடவே மின்கடத்துதிறனையும் அளந்தால்தான் அது வளமல்ல, உப்பு என்று தெரியும். பருவமழை பெய்து உப்பைக் கழுவும்போது சல்பேற்றும் சேர்ந்து கழுவப்படும். ஆகவே ஒரு வருடத்து எண்ணை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஒரு எண் தனியே நின்று ஒருபோதும் முழு உண்மை பேசுவதில்லை.

இதன் மறுபக்கத்தை நாட்டின் தெற்கிலே பார்க்கலாம். மாத்தறை மாவட்டத்தில், நில்வளா கங்கையின் தாழ்நிலங்களில், வெள்ளத் தடுப்புக்காக நீரை வடித்த பிறகு சில வயல்கள் கடும் அமிலமாகின. நீருக்கடியில் அமைதியாகக் கிடந்த பைரைற்று என்னும் இரும்புச் சல்பைட்டு, காற்றுப் பட்டதும் ஒட்சியேறிச் சல்பூரிக் அமிலமானது. கேரளத்தின் குட்டநாட்டிலும் இதே வகை மண் உண்டு. நீர் வடிப்பதற்கு முன் அந்த மண்ணைக் கல்சியம் குளோரைட்டால் பிரித்தெடுத்து அளந்திருந்தால், பைரைற்று அதில் அகப்பட்டிராது. ஐதரசன் பேரொட்சைட்டை விட்டு, மண்ணின் பீ.எச். எவ்வளவு விழுகிறது என்று பார்க்கும் எளிய சோதனைதான் அந்த ஆபத்தைக் காட்டும். நம் கரையோரக் களப்பு ஓரங்களை நிரப்பவோ வடிக்கவோ நினைப்பவர்கள் முதலில் அந்தச் சோதனையைக் கேட்க வேண்டும்.

சகோதரிகளே, உங்களில் பெரும்பாலானோர் ஆய்வுகூடத்தில் வேலை செய்யவில்லை. ஆனால் காணி உள்ள வாப்பாவோ கணவரோ சகோதரனோ உங்களுக்கு இருக்கிறார்கள். சிலர் நீங்களே காணிக்காரிகள். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி ஊரில் தோட்டம் செய்விப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அவர்கள் கையில் மண் பரிசோதனை அறிக்கை வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மாதிரியை எப்போது, எந்த ஆழத்தில், எந்தப் பையில் எடுத்தீர்கள்? எந்த முறையாற் பிரித்தெடுத்தீர்கள்? எண் கந்தகமாகவா, சல்பேற்றாகவா தரப்பட்டிருக்கிறது? இந்த மூன்றாவது கேள்வியை அன்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால், அந்தப் பெரியவரின் கச்சான் தப்பியிருக்கும்.

சங்கத்திடமும் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக ஏதாவது செய்வோம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நம் ஆய்வுகூடத்துக்கு ஓர் ஒளிமானியும் நல்ல தராசும் வாங்கிக் கொடுப்போம். உயர்தர மாணவிகள் ஒவ்வொரு வருடமும் போகத்துக்கு முன் ஊரிலுள்ள சில வயல்களிலும் தோட்டங்களிலும் மண் எடுத்து, ஒரே முறையால் அளந்து, ஒரே குறிப்பேட்டில் எழுதட்டும். சந்தேகமானவற்றை ஒப்புப் பார்க்கப் பல்கலைக்கழகத்தை நாடலாம். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் பக்கத்திலே சம்மாந்துறையில்தான் இருக்கிறது. பத்து வருடத்தில் அந்தக் குறிப்பேடு இந்த ஊருக்கு ஒரு சொத்தாகும்.

மாணவச் செல்வங்களே, ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். போத்தலில் பெயர் எழுதும்போது இரண்டு தரம் பாருங்கள். பிழை விட்டால், விட்டதாகச் சொல்லுங்கள். அந்தப் பெரியவர் இறக்கும் வரை ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் எனக்கு மண் கொண்டுவந்தார். ஒரு முறை நான் கேட்டேன், "என்னை நம்பி ஏன் இன்னும் வாறீங்க?" என்று. "பிழை எண்டு வீடு தேடி வந்து சொன்ன ஆள் நீங்கதானே மகள்" என்றார்.